நான்கு பத்து முதல் நான்கு இருபத்தொன்று வரை

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இது இரவில் நடக்கவில்லை.

இரவில் நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. இரவில் பார்த்ததைக் காலையில் எழுந்ததும் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடலாம். பகலில் பார்த்ததை எப்போது தள்ளுவது? ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்த ஒரு அறையில், ஒரு டாக்டர், ஒரு பயிற்சியாளர், என் அக்கா, நான் என்று நான்கு பேர் இருக்கும்போது நடந்தது. வியாழக்கிழமை. மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஆரம்பித்தது. நான்கு இருபத்தொன்றுக்கு முடிந்தது. இந்த நேரம் என் ஞாபகத்தில் இருப்பது மட்டுமல்ல. கம்ப்யூட்டரின் பதிவிலும் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். நோயாளிகளுக்கு நான் எதுவும் செய்வதில்லை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லோரும் என்னைக் கம்ப்யூட்டர் மேடம் என்பார்கள்.

கைப்பயிற்சி அறையில் ஐந்து இருக்கைகள். ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோலர். பிள்ளைகள் வீடியோ கேம் விளையாட இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்களே, அதேதான். வயர் கிடையாது. ப்ளூடூத். நோயாளியின் விரலை அதன் விசைமேல் வைப்பார்கள். விசையை அழுத்தினால் திரையில் ஒரு மஞ்சள் பந்து ஒரு படி ஏறும். 'டொக்' என்று சத்தம் வரும். கீழே எண்ணிக்கை ஒன்று கூடும். விரல் அசைந்ததே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அழுத்தத்தைக்கூட அது எண்ணிவிடும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். டாக்டரின் கண் நம்பாததை அந்த எண் நம்பும்.

கன்ட்ரோலரில் ஒரு சின்ன நீல விளக்கு உண்டு. அது மூன்று விதமாக எரியும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் நான் சொல்லப்போவது புரியும்.

வேகமாக மின்னினால், புதிதாக ஒரு கம்ப்யூட்டரோடு ஜோடி சேரத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக மின்னினால், கடைசியாக ஜோடி சேர்ந்த கம்ப்யூட்டரைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மின்னாமல் நிலையாக எரிந்தால்... கூப்பிட்டதற்கு யாரோ பதில் கொடுத்துவிட்டார்கள்.

யார் என்று விளக்கு சொல்லாது. நான் செய்த தப்பு முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு கன்ட்ரோலரை விலக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் விலக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பட்டியலில் அதன் பெயரை நீக்கினால், கம்ப்யூட்டர் மறந்துவிடும். கன்ட்ரோலர் மறக்காது. அது மறக்க, அதன் முதுகில் இருக்கும் ஊசித் துளையில் குண்டூசியை விட்டு ஐந்து நொடி அழுத்த வேண்டும். பெரும்பாலும் நான் அதைச் செய்வதில்லை. குண்டூசியைத் தேட வேண்டும். சோம்பல். ஒரு பக்கம் மறந்தால் போதும் என்று விட்டுவிடுவேன்.

மூன்றாம் இருக்கையில் அப்போது ஒரு டிரைவர் இருந்தார். பஸ் ஓட்டியவர். வலது கை விழுந்துவிட்டது. அவருடைய மனைவி தினமும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவர் பேச்சு நன்றாக இருந்தது. வேடிக்கையாகப் பேசுவார். விசையை அழுத்தும்போது இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று அழுத்தப் பார்ப்பார். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, முப்பது வருஷம் ஹாரன் அடித்த விரல், அதற்கு வேறு பாட்டுத் தெரியாது என்றார்.

எங்கள் இடத்தில் ஒரு விதி. ஆறாவது வாரம் டாக்டர் சோதிப்பார். ஒரு சின்ன அசைவாவது பதிவானால் இன்னும் ஆறு வாரம். பதிவாகாவிட்டால் வீட்டுக்கு. அந்த இருக்கை வரிசையில் அடுத்து இருப்பவருக்கு.

டிரைவரின் சோதனையன்று காலையில் மூன்றாம் கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் அவருடைய கன்ட்ரோலரை நான்காம் கம்ப்யூட்டரோடு சேர்த்துச் சோதித்தேன். திரும்ப மூன்றோடு சேர்க்க மறந்துபோனேன்.

நான்கு பத்துக்கு டாக்டர் ஆரம்பிக்கச் சொன்னார். பந்து ஏறவில்லை. எண்ணிக்கை பூஜ்யம். டிரைவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"நான் அழுத்துறேன்மா. பாருங்க" என்றார் என்னிடம்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். நீல விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

"சரியா இருக்கு டாக்டர்" என்றேன்.

பதினோரு நிமிடம் அவர் அழுத்தினார். கடைசியில் டாக்டர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுதினார். அசைவு இல்லை.

அன்று மாலை ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்துக்கொண்டு வந்தேன். நான்காவதில் அன்று யாரும் உட்காரவே இல்லை; அதன் ஸ்பீக்கரும் அணைந்திருந்தது. ஆனால் திரையில் மஞ்சள் பந்து உச்சியில் நின்றுகொண்டிருந்தது. பதிவைத் திறந்து பார்த்தேன். நான்கு பத்திலிருந்து நான்கு இருபத்தொன்று வரை. இருநூற்றுப் பதினான்கு அழுத்தங்கள். இரண்டு குட்டை, ஒரு நீளம். இரண்டு குட்டை, ஒரு நீளம். எழுபத்தோரு தடவை. கடைசியில் ஒன்று மட்டும் தனியாக.

நான் அதை அழித்துவிட்டேன்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. வரிசையில் அடுத்து இருந்தது என் அக்கா.

அக்கா முடிதிருத்துபவள். பெண்களுக்கான சலூன். என்னைப் படிக்க வைத்தது அவளுடைய கத்தரிக்கோல். எனக்குத் தெரிந்து என் தலைமுடியில் வேறு யாருடைய கையும் பட்டதில்லை. அசைந்தால் சீப்பால் மண்டையில் ஒன்று வைப்பாள். அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து நான் முடி வெட்டிக்கொள்ளவில்லை. அவள் வெட்டுவாள், அதுவரை வளரட்டும் என்று இருந்தேன். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அவளுக்கு நான் வைத்த கெடு மாதிரியும் தோன்றுகிறது.

பதிவை அழித்தபோது என் விரல் நடுங்கியதாகச் சொல்ல ஆசை. நடுங்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

டிரைவர் போகும்போது அந்தக் கன்ட்ரோலரைக் கேட்டார். வீட்டில் சும்மா அழுத்திப் பழகுவதற்கு. பழையதுதானே என்று கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் மூன்றாம் கம்ப்யூட்டரோடு ஒரு தடவை சேர்த்து, வேலை செய்கிறதா என்று பார்த்தேன். நன்றாகச் சேர்ந்தது. பிறகு கம்ப்யூட்டரின் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினேன். 'இருக்கை மூன்று' என்பது அதற்கு நான் வைத்திருந்த பெயர்.

முதுகில் குண்டூசி விடவில்லை.

அக்கா வந்தாள். புதுக் கன்ட்ரோலர். அதற்கு 'இருக்கை மூன்று புதியது' என்று பெயர். அக்காவுக்குப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். வாய் மட்டும் பழைய வாய். பந்து ஏறாத ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்து, "நீ ரிப்பேர் பண்ணின மெஷின்தானே... அப்படித்தான் இருக்கும்" என்பாள். பயிற்சியாளர் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஐந்து வாரம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை. அக்கா பயிற்சியில் இருந்தாள். திடீரென்று கம்ப்யூட்டரில் 'டுங்-டிங்' என்று சத்தம். கன்ட்ரோலர் துண்டிக்கப்பட்டால் வரும் சத்தம். மணி நான்கு பத்து. பேட்டரியை மாற்றினேன். மெதுவாக மின்னிக்கொண்டே இருந்தது. சேரவில்லை. பிறகு தானாகவே சேர்ந்தது. நான்கு இருபத்தொன்று.

இதெல்லாம் சகஜம். இரண்டு கருவிகள் ஒரே அலைவரிசையில் மோதிக்கொண்டால் இப்படி ஆகும். வைஃபை பெட்டியைத் தள்ளி வைத்தேன். எல்லோருடைய போனிலும் ப்ளூடூத்தை அணைக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். "உங்க வைத்தியமே அதுதானே மேடம், அணைச்சு அணைச்சுப் போடறது" என்றார் பயிற்சியாளர் தம்பி.

புதன்கிழமை. நான்கு பத்து. டுங்-டிங்.

இந்தத் தடவை உடனே பட்டியலைத் திறந்தேன்.

'இருக்கை மூன்று புதியது — இணைப்பு இல்லை.'

அதற்கு மேலே ஒரு வரி.

'இருக்கை மூன்று — இணைக்கப்பட்டுள்ளது.'

நான் நீக்கிய பெயர். ஆறு வாரத்துக்கு முன்னால் என் கையாலேயே நீக்கியது. மறுபடியும் நீக்கினேன். போனது. கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. நீக்கினேன். வந்தது.

ப்ளூடூத் பத்து மீட்டர்தான் எட்டும். டிரைவர் வந்திருக்கிறாரோ என்று வெளியே ஓடிப் பார்த்தேன். பெஞ்ச் காலி. நடைபாதை காலி. மாடிப்படியில் கூட யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது அந்த வரி இல்லை. நான்கு இருபத்தொன்று.

வியாழக்கிழமை. அக்காவின் சோதனை.

மதியமே உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ப்ளூடூத் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். புதுக் கன்ட்ரோலரின் முதுகில் குண்டூசி விட்டு, ஐந்து நொடி எண்ணி, புதிதாக ஜோடி சேர்த்தேன். மற்ற நான்கு கம்ப்யூட்டர்களையும் அணைத்தேன். இந்த முறை விளக்கை மட்டும் பார்க்கவில்லை. திரையையும் பார்த்தேன். சரியாக இருந்தது.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். அக்காவின் விரலைப் பயிற்சியாளர் தம்பி விசைமேல் வைத்தார். நான் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கன்ட்ரோலரின் அடிப்பக்கம் தெரியும். விளக்கு தெரியும். டாக்டர் இருந்த இடத்திலிருந்து அக்காவின் உள்ளங்கை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆரம்பிக்கச் சொன்னார்.

பந்து ஏறவில்லை.

நான்கு மூன்று. நான்கு ஐந்து. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விரல் மட்டும் யாருடையதோ மாதிரிக் கிடந்தது.

நான்கு எட்டு. பூஜ்யம்.

நான்கு ஒன்பதுக்கு டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் மனதுக்குள் கெஞ்சினேன். யாரிடம் கெஞ்சினேன் என்று தெரியாது. யாராவது... ஒரே ஒரு தடவை... யாராவது அழுத்துங்கள் என்று.

டுங்-டிங்.

அக்காவின் கன்ட்ரோலர் மெதுவாக மின்னத் தொடங்கியது. இணைப்பு போய்விட்டது.

உடனே...

டிங்-டுங்.

ஏதோ ஒன்று வந்து சேர்ந்த சத்தம்.

டொக்.

பந்து ஒரு படி ஏறியது.

டாக்டரின் பேனா நின்றது.

டொக். டொ...க்.

பயிற்சியாளர் தம்பி கை தட்டினார். நான் விளக்கைப் பார்த்தேன். மின்னிக்கொண்டிருந்தது. மெதுவாக. கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் பதில் கொடுக்கவில்லை.

டொக். டொக். டொ...க்.

அக்காவின் விரல் அசையவில்லை.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

ஏழு நொடி அமைதி.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. வலது பக்கம் யாரோ நெருக்கி உட்கார்ந்தால் நாம் ஒதுங்குவோமே... அப்படி.

நூறு.

நூற்றைம்பது.

இருநூறு.

வெயில் தரையில் அப்படியே இருந்தது.

இருநூற்றுப் பதிமூன்று.

அமைதி.

டொக்.

டுங்-டிங்.

நான்கு இருபத்தொன்று.

டாக்டர் எழுதினார். ஆறு வாரம் நீட்டிப்பு. அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா அவரிடம், "அது நான் இல்ல" என்றாள். டாக்டர் சிரித்தார். சில பேருக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், தன் கை தன்னுடையது மாதிரியே தோன்றாது என்று எனக்கு விளக்கினார்.

ஆறு வாரத்துக்கு முன்னால் அதே இருக்கையில் ஒருவர் 'நான்தான்' என்று சொன்னார். நம்பவில்லை. இப்போது இன்னொருத்தி 'நான் இல்லை' என்கிறாள். அதையும் நம்பவில்லை. எண்ணைத்தான் நம்பினார்கள். எண்ணைப் பார்த்துக்கொள்வது நான்.

சக்கர நாற்காலியை நடைபாதையில் தள்ளிக்கொண்டு வரும்போது அக்கா கேட்டாள்.

"யாருடி அது?"

"எது?"

"என் பக்கத்துல... உட்கார்ந்து... மூச்சு வாங்கினது."

சிக்னல் கோளாறு என்றேன். சிக்னலுக்கு மூச்சு வாங்குமா என்று கேட்டாள். நாற்காலியை இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். எங்கள் கம்ப்யூட்டர்களில் ப்ளூடூத் உள்ளே கிடையாது. பின்னால் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு டாங்கிளைச் செருகியிருப்போம். அதுதான் காது. மூன்றாம் கம்ப்யூட்டரிலிருந்து அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். காது இல்லாத கம்ப்யூட்டருக்கு யார் கூப்பிட்டாலும் கேட்காது.

நான்கு பத்து.

டிங்-டுங்.

பந்து ஏறியது. நான் பையைத் திறந்து பார்த்தேன். டாங்கிள் உள்ளேதான் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது சூடாக இருந்தது.

திங்கட்கிழமை புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பெட்டி பிரித்து வைத்தேன். அந்தப் பழைய கன்ட்ரோலரை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. நான்கு பத்துக்கு அதன் பட்டியலில், முதல் வரியாக...

'இருக்கை மூன்று — இணைக்கப்பட்டுள்ளது.'

தினமும் இருநூற்றுப் பதினான்கு. ஒன்று கூடவில்லை. ஒன்று குறையவில்லை. பயிற்சியாளர் தம்பி அக்காவின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டார். மற்ற நோயாளிகள் அவளைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்கள். அக்கா அந்தப் பதினோரு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் குளிர்கிறது என்பாள்.

நான்? நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு கணக்கும் ஓடியது. ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் அக்காவின் விரல் நிஜமாகவே அசைந்துவிட்டால்? அவர் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே. இப்படித்தான் நினைத்தேன். டிரைவரிடமிருந்து நான் இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டது அது.

அவர் இறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஏதோ ஒரு வழியில் வீட்டிலிருந்து அந்தச் சிக்னல் வருகிறது என்றே என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்கு டிரைவரின் மனைவி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து பழைய கன்ட்ரோலரை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை போய்விட்டார். இன்னொரு தடவை பக்கவாதம். மாலை நான்கு மணிக்குக் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அழுத்த ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே தலை சாய்ந்துவிட்டதாம்.

செவ்வாய்க்கிழமை. நான்கு பத்து. முதல் 'டுங்-டிங்'.

என் மேசை, பயிற்சி அறைக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது. அக்கா மூன்றாம் இருக்கையில் காத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

தினமும் அதே நேரத்துக்கு உட்காருவாராம். பதினோரு நிமிடம். சோதனையன்று நடந்ததை அப்படியே திரும்பச் செய்கிற மாதிரி. விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டே இருக்குமாம். எதற்கு என்று கேட்டால், ஒரு நாள் நிலையாக எரியும் பார் என்பாராம். அவளுக்கு ஒரு நாள் கோபம் வந்து, போதும் இந்த நடிப்பு என்று கத்திவிட்டாளாம். அதற்குப் பிறகு அவர் அவளோடு அதைப் பற்றிப் பேசவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்மா" என்றாள். "அவர் கை அசைஞ்சுதா, இல்லையா?"

என் வாய் திறந்தது. இல்லை என்று சொல்லத்தான் திறந்தது. இல்லை என்று சொன்னால் அவளுக்கும் ஆறுதல் என்று ஒரு நியாயம்கூடத் தயாராக இருந்தது.

மூன்றாம் இருக்கையிலிருந்து அக்கா பேசினாள்.

"சொல்லுடி."

அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து என் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றவள். நான் பொய் சொல்லும்போது பிடரி என்ன செய்யும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

சொன்னேன். இருநூற்றுப் பதினான்கு தடவை என்றேன். இரண்டு குட்டை, ஒரு நீளம் என்றேன். விளக்கை மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொன்னது நான்தான் என்றேன். பதிவை அழித்ததும் நான்தான் என்றேன். யாருக்காக என்பதையும் சொன்னேன்.

டிரைவரின் மனைவி அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "நான் கத்தினேனே..." என்று மட்டும் சொன்னாள். அதையே மறுபடியும் சொன்னாள். பிறகு எழுந்து மூன்றாம் இருக்கை பக்கம் போய், அக்காவின் வலது பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று மாலையே டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். டிரைவரின் கை அசைந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மனைவிக்கு அனுப்பினார்கள். அக்காவின் இருக்கை அடுத்தவருக்குப் போனது. என்னையும் அந்த அறையிலிருந்து மாற்றிவிட்டார்கள். அக்கா இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் என் முடியை வெட்டினாள். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். அசைந்ததற்கு மண்டையில் ஒன்று வைத்தாள். வலது கை இனி எழும்பாது. எங்கள் இருவருக்கும் தெரியும். பேசுவதில்லை.

மூன்றாம் இருக்கையில் இப்போதும் நான்கு பத்துக்கு 'டிங்-டுங்' கேட்கிறதா என்று நான் கேட்பதில்லை. பயிற்சியாளர் தம்பியும் சொல்வதில்லை. முன்பெல்லாம் என்னைப் பார்த்ததும் கிண்டல் பண்ணுவார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் புதன்கிழமை, கிளம்பும்போது டிரைவரின் மனைவி வாசலில் நின்று சொன்னது ஒன்று இருக்கிறது.

"போன வியாழக்கிழமை, வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, அந்த விளக்கு எரிஞ்சுதும்மா. மின்னல. நிலையா எரிஞ்சுது. எல்லாரும் பார்த்தோம். அப்படி எரிஞ்சா என்ன அர்த்தம்?"

அவளுக்கு உண்மை சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்குப் பொய் வந்துவிட்டது. பேட்டரி தீரப்போகும்போது சில சமயம் அப்படி எரியும் என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அதுல பேட்டரியே இல்லையேம்மா. அவர் போன அன்னைக்கே எடுத்துட்டேன். சுவர்க் கடிகாரம் நின்னுபோயிருந்தது. வர்றவங்க எல்லாம் மணி என்னன்னு கேக்கறாங்க... அதுல போட்டுட்டேன்."

நான் கன்ட்ரோலரைத் திருப்பி மூடியைத் திறந்தேன். காலி.

"அதுவும் நல்ல பேட்டரி இல்ல போல" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "தினமும் சரியா வைக்கறேன். மறுநாள் பார்த்தா பதினோரு நிமிஷம் பின்னால இருக்கு."